வெயில் என்று ஒரு குமிழ்

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள்தான் கட்டிலுக்கு அடியில் கிடந்த கிட்டார் பெடல் பையின் நினைவு எனக்கு வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. கிட்டார், ஆம்ப்ளிஃபயர், அப்பாவின் மருந்துப் பெட்டி, கேஸ் சிலிண்டர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். பெடல் பை மட்டும் சாக்கடை கலந்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறியது. அதை எடுத்துக்கொண்டு படியேறும்போது நைந்துபோன ஜிப் வாய் பிளந்தது. உள்ளே இருந்த கனமான பெட்டி கீழே விழுந்து ஏழெட்டுப் படி உருண்டு, சுவரில் மோதி நின்றது.

கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்த ஒரு அண்ணன் 2011-இல் தன் கையால் செய்து கொடுத்த ஃபஸ் பெடல் அது; காலால் மிதித்தால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட, கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்து புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டின் நகல். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், குமிழ் வைத்துத் திருப்பும் இரண்டு கன்ட்ரோல். மொத்தமே பதினொரு பாகம். டிரான்சிஸ்டர் இரண்டும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏசி128, ஜெர்மேனியம் வகை. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம், ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம் உள்ள வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குள் அவற்றை அடக்கியிருந்தார். பெடல் செய்பவர்கள் 1590பிபி என்று எண் சொல்லிக் கேட்கும் அளவு அது.

படியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஒரு மூலை உடைந்திருந்தது. மூடியின் ஸ்க்ரூ இறங்கும் தூண் பாதியோடு போய்விட்டது. நீலப் பெயின்ட் அம்மைக் கொப்புளம் போல ஆங்காங்கே எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளைப் பொடி.

தம்பி சொன்னான், "புதுப் பெட்டி ஒண்ணு வாங்கி, சர்க்யூட்ட அதுக்குள்ள மாத்திடு. இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடுற?" நியாயமான கேள்விதான். ஓட்டை போடாத வெறும் பெட்டி இணையத்தில் கிடைக்கிறது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் மூடியின் உட்புறம் அந்த அண்ணன் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த மூன்று வரி இருந்தது. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற எண்கள், அதன் கீழே மாதமும் வருடமும். அதை விட மனமில்லை. அந்தப் பெட்டியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகு இன்னொன்றும் புரிந்தது. இந்த மாதிரி பெடலில் பெட்டியும் சர்க்யூட்டின் ஒரு பாகம். பதினொன்று என்று எண்ணியது தவறு, பன்னிரண்டாவது அதுதான். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுப்பது அது. எர்த் இணைப்பு ஓடுவது அதன் வழியாக. நம் எடையைத் தாங்குவதும் அதுவே.

முதல் வேலை கழற்றுவது. ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்தேன். ஒயர் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப்பைச் சின்னதாகச் சுற்றி எண் போட்டேன். 9 வோல்ட் பேட்டரி உப்பி, அதன் கிளிப் பச்சை பிடித்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன். சர்க்யூட் பலகையை முதலில் பேட்டரி தண்ணீரில் கழுவினேன். கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் அது, உப்பு இருக்காது. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். உலோகக் குப்பிக்குள் அடைபட்டிருந்ததால் டிரான்சிஸ்டர்கள் பிழைத்துக்கொண்டன. கன்ட்ரோல்களும் கால் சுவிட்சும் போய்விட்டன. அவற்றுக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்துவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிடுவதுதான் நல்லது. ரிச்சி தெருவில் எல்லாமே கிடைத்தது.

அந்தச் சுத்தம் செய்யும் வேகத்தில் ஒரு தவறு நடந்தது. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சேற்றையும் அதே ஆல்கஹாலால் துடைத்தேன். வெள்ளத் தண்ணீர் இரண்டு நாள் ஊறியும் அழியாத மார்க்கர் மை, ஆல்கஹால் பட்டதும் கரைந்து பஞ்சில் வந்துவிட்டது. சட்டென்று கையை எடுத்தேன். முதல் டிரான்சிஸ்டரின் 78 தப்பியது. இரண்டாவதில் 11 மட்டும் மிஞ்சியது, அதன் பின்னால் இருந்த இலக்கம் ஊதா நிறத் தீற்றலாகிவிட்டது. சர்க்யூட்டை இருபது படம் எடுத்த நான் மூடியை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. நீங்கள் யாருடைய கைவேலையையாவது திறக்கிறீர்கள் என்றால், எழுத்து, கீறல், ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் முதலில் அதைப் படமெடுங்கள். அந்த இடத்துக்கு வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

மூடியின் உட்புறத்தை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடிவிட்டு மற்ற வேலையைத் தொடங்கினேன். பழைய பெயின்டை எடுக்க ஜெல் மாதிரியான பெயின்ட் ரிமூவர் போதுமானதாக இருந்தது. தடித்த கையுறையும் திறந்த மொட்டை மாடியும் கட்டாயம் வேண்டும். சாக்கடை அடைப்பு எடுக்கும் காஸ்டிக் பொடியைக் கரைத்து ஊற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், கூடவே ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

பெயின்ட் போன பிறகுதான் பெட்டியின் உண்மையான நிலைமை தெரிந்தது. அலுமினியம் இரும்பைப் போலச் சிவப்பாகத் துரு பிடிக்காது. உப்புப் பட்ட இடத்தில் ஊசி முனை அளவுக் குழி விழும், குழிக்குள் வெள்ளைப் பொடி தங்கும். மேலே தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். குழிக்குள் பொடி மிச்சம் இருந்தால் பெயின்டுக்கு அடியில் அரிப்பு தொடரும், ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம். அதனால் ஒவ்வொரு குழியையும் பித்தளை பிரஷ்ஷாலும் கூரான கம்பியாலும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தோண்டினேன். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். வினிகரில் கொஞ்ச நேரம் வைத்து, பேட்டரி தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் உலர்த்தினேன். இதற்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

உடைந்த மூலையை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை டிங்கரிங் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பெட்டியைக் கையில் வாங்கி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காஸ்டிங்குப்பா. ஆர்கான் போட்டா உள்ள இருக்கற காத்து பொங்கி, ஓட்டை ஓட்டையா வந்துரும். ஒட்டிக்கோ, அதான் நல்லது." அவர் சொன்னது சரிதான். அச்சில் அழுத்தி வார்க்கும்போது உலோகத்துக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் வெல்டிங் சூட்டில் வெடித்து வெளியே வரும். பலகை வெட்டியோ தகடு மடித்தோ செய்த பெட்டியாக இருந்தால் வேறு கதை.

ஒட்டுவதற்கு அரால்டைட்டின் மெதுவாக இறுகும் வகையை வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், அதற்கு இந்த வேலைக்கான உறுதி கிடையாது. உடைந்த தூணின் மேற்பரப்பை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். பெட்டியிலிருந்தே அரம் கொண்டு ராவி எடுத்த அலுமினியத் தூளைப் பசையில் கெட்டியாகக் கலந்தேன். மாட்டவேண்டிய ஸ்க்ரூவின் மீது மெழுகு தடவி நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி இந்தக் கலவையை அப்பி, ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் ஸ்க்ரூவைத் திருகினால் மெழுகினால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, மரையும் உள்ளே பதிந்திருந்தது. மரை வெட்டும் கருவி போட்டுத் தனியாக வெட்டத் தேவைப்படவில்லை. இது மூடியைத் தாங்கும். ஆனால் பசை மின்சாரம் கடத்தாது என்பதை மறக்கக்கூடாது. மீதி மூன்று ஸ்க்ரூவும் உலோகத்தோடு உலோகமாக நின்றதால் பாதகமில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பெட்டியைப் பழையபடியே ஆக்குவதா, எனக்கு ஏற்றபடி மாற்றுவதா என்று யோசித்தேன். அந்த அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். போன் செய்து கேட்டேன். "நான் செஞ்சது உனக்கு. உன் கால் எப்படி வைக்குமோ அப்படி மாத்திக்கோ. சைடுல இருக்கற டிசி ஓட்டைய மட்டும் மூடிடு, அத பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றார். அந்த ஓட்டை அவர் போட்டதல்ல, அடாப்டர் செருகுவதற்காக 2016-இல் நான் போட்டது.

ஏசி128, மின்னோட்டத் திசை தலைகீழாக இருக்கும் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர். அதனால் இந்த சர்க்யூட்டில் எர்த் பாசிட்டிவ் பக்கம் இருக்கும், அதாவது பெட்டியின் உடம்பே பாசிட்டிவ். மற்ற பெடல்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த். எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போலக் கரன்ட் கொடுத்தால், கிட்டார் கேபிளின் வெளி உறை வழியாகப் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக முட்டி ஷார்ட் ஆகும். 2016-இல் இது தெரியாமல் டிசி சாக்கெட் பொருத்தி ஒரு அடாப்டரை எரித்தேன். தனியாகப் பிரித்த இணைப்பு உள்ள பவர் சப்ளை இருந்தால் அடாப்டரில் ஓட்டலாம். ஆனால் இந்த சர்க்யூட் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான். சாதாரண 9 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் ஓடும், கிட்டார் கேபிளைக் கழற்றினால் இன்புட் ஜாக்கே பேட்டரியைத் துண்டித்துவிடும். டிசி ஓட்டையை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

புதிதாக ஒரு ஓட்டை தேவைப்பட்டது, அதற்குக் காரணம் நம் ஊர் வெயில். ஜெர்மேனியம் சூட்டுக்கு மிகவும் வசப்படும். அதில் கசியும் மின்னோட்டம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இந்த ஃபஸ் நன்றாகப் பாட வேண்டுமென்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, நாலரை வோல்ட் சுமார், இருக்க வேண்டும். டிசம்பர் இரவில் சரியாக வைத்த அளவு, மே மாத மொட்டை மாடிக் கச்சேரியில் எங்கோ நகர்ந்துபோகும். ஒலி தும்மலைப் போல விட்டுவிட்டு வரும், தந்தியின் நீண்ட நாதம் பாதியில் செத்துவிடும். பன்னிரண்டு வருடமாக மே மாதத்தில் இந்தப் பெடலை வெளியே எடுக்காமலே இருந்தேன். உள்ளே இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக 10 கிலோ ஓம் கன்ட்ரோல் ஒன்றை வெளியே வைத்துவிட்டால் வெயிலுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம். லண்டனில் உருவான சர்க்யூட்டுக்கு இந்தக் கவலை இவ்வளவு இருந்திருக்காது, சென்னையில் அவசியம்.

ஓட்டையை அடைக்கும் வேலையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் கடைசியில் காட்டிக்கொடுப்பது இதுதான். பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியை மட்டும் அள்ளி ஓட்டையில் அடைத்தால் அது நிற்காது. இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வட்டம் வெட்டி, ஓட்டைக்குச் சரியாக அமரும்வரை அரத்தால் ராவினேன். உட்புறம் அதைவிடப் பெரிய இன்னொரு தகட்டை அண்டக்கொடுத்து, அரால்டைட்டால் இரண்டையும் ஒட்டினேன். வெளியே வட்டத்தைச் சுற்றிய கோட்டையும் அரிப்புக் குழிகளையும் மட்டும் கார் பட்டியால் நிரப்பினேன். பட்டி பிடிக்க வேண்டுமென்றால் வெறும் உலோகத்தை 120 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறியிருக்க வேண்டும். பட்டியை முதலில் போட்டுவிட்டு அதன் மேல்தான் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு. மாற்றிச் செய்தால் பிரைமரில் உள்ள அமிலம் பட்டியை இறுக விடாது. அப்புறம் ஒரு வாரம் கைவைக்காதீர்கள். பட்டி காயக் காயச் சுருங்கும். மறுநாளே தேய்த்துப் பெயின்ட் அடித்தவர்களின் பெட்டியில், மாதம் கழித்து மூடிய ஓட்டை நிலா வட்டம் போலத் தெரியும்.

துளை போடுவதில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். இந்தப் பெட்டியின் பக்கச் சுவர்கள் நேர் செங்குத்து அல்ல. அச்சிலிருந்து கழன்று வரவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சாய்வாக வார்த்திருப்பார்கள். டிரில் பிட் அதில் வழுக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் குறித்து, சென்டர் பஞ்சால் ஒரு தட்டு தட்டிய பிறகே டிரில்லைத் தொட வேண்டும். முதலில் 3 மில்லிமீட்டர், அப்புறம் ஸ்டெப் டிரில்லால் படிப்படியாக. அலுமினியத் துகள் பிட்டில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் வெண்ணெய் போல வெட்டும். கன்ட்ரோலுக்கு 7 மில்லிமீட்டர், கால் சுவிட்சுக்கு 12, கிட்டார் ஜாக்குக்கு ஒன்பதரை என்பது வழக்கமான அளவு. நான் எல்லாவற்றையும் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கினேன். பெயின்ட் நான்கைந்து கோட் ஏறும்போது துளை சுருங்கும், இறுக்கித் திணித்தால் விளிம்பில் பெயின்ட் உரியும். துளை எல்லாம் பெயின்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, புதிய குமிழை எங்கே வைப்பது. காகிதத்தில் பெட்டியை அதே அளவில் வரைந்து, கத்தரித்து ஒட்டி, செருப்புப் போட்ட காலோடு அதை மிதித்துப் பார்த்தேன். சுவிட்சை மிதிக்கும்போது கட்டைவிரல் குமிழைத் தொடக்கூடாது. முதலில் நடுவில் வைக்க நினைத்திருந்தேன், மிதித்துப் பார்த்த பிறகு மேல் விளிம்புக்கு நகர்த்தினேன். உள்ளே பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். மேலே அழகாக இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஜாக் உட்கார்ந்திருக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் எட்ச் பிரைமர், சாம்பல் நிற சர்ஃபேசர், கரும்பச்சை லாக்கர் பெயின்ட், அதற்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் எல்லாம் வாங்கிவந்தேன். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் இரும்புக்கானது. அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் மெல்லிய ஆக்சைடு தோலைக் கடித்துப் பிடிப்பது எட்ச் பிரைமர்தான். அதை மெலிதாக ஒரே கோட் அடித்தால் போதும். பெட்டியை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்று, பெட்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டினேன். பெட்டியின் மீதே கை நின்றால் பெயின்ட் வழியும்.

பச்சை முதல் நாள் கெட்டுப்போனது. ஜனவரி மாத மாலை, காற்றில் ஈரம். அடித்த ஐந்து நிமிடத்தில் பெயின்ட் மேல் பால் தெளித்தது போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பதறித் தேய்க்க வேண்டாம். மறுநாள் காலை பதினொரு மணி வெயிலில் தின்னர் அதிகம் கலந்த கிளியரை மெல்லிய பனி போல ஒரு முறை தூவினேன், பூத்தது கரைந்து மறைந்தது. அதற்குப் பிறகு பத்து மணிக்கு முன்போ நான்கு மணிக்குப் பின்போ நான் ஸ்ப்ரே செய்யவில்லை. நான்கு மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது நிமிடம். ஒரு வாரம் கழித்து 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கிளியர் அடித்த பிறகு 1500, அப்புறம் 2000. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு சேர்த்தால் தாள் இழுக்காது.

எழுத்துக்கு ஸ்டிக்கர் கட்டிங் கடை ஒன்றை மனதில் வைத்திருந்தேன். ஆனால் புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடிப் போன இடத்தில், வண்டி நம்பர் பிளேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை, அணில்முடி பிரஷ்ஷை ஒரே இழுப்பில் இழுத்து வளைவைத் திருப்பினார். அருகில் நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம், "அண்ணே, இதுல மூணு வார்த்தை எழுதித் தரமுடியுமா?" என்று பெட்டியை நீட்டினேன். வால்யூம் குமிழுக்கு ஓசை. ஃபஸ் குமிழுக்குக் கரகரப்பு. புதிய குமிழுக்கு வெயில். மூன்றாவதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "வெயில் ஏறினா இத திருப்பணும்ணே" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் அந்த வார்த்தையின் "யி"யில் மட்டும் சுழியைக் கொஞ்சம் பெரிதாக வைத்து எழுதிக்கொடுத்தார். பெட்டியிலேயே அழகான இடம் அதுதான்.

அவர் எழுதியது எனாமல் பெயின்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காய்ந்த லாக்கர் மேல் எனாமல் எழுதலாம், ஒன்றும் ஆகாது. எனாமல் மேல் லாக்கர் கிளியர் அடித்தால், அதன் வீரியமான தின்னர் எனாமலைக் கிளப்பிச் சுருக்கம் சுருக்கமாக்கிவிடும். நல்லவேளையாக, உடைந்த ஒரு தகட்டில் அதே வரிசையில் பச்சை, கிளியர், எனாமல், மறுபடி கிளியர் என்று முதலில் செய்துபார்த்தேன். எழுத்து கிழவியின் தோல் மாதிரி சுருங்கியது. பெட்டியின் எழுத்து மேல் எதுவும் அடிக்காமல் அப்படியே விட்டேன். தேய்ந்தால் மறுபடி புதுப்பேட்டைக்குப் போய்க்கொள்ளலாம். எந்த வேலையிலும் சோதிக்க ஒரு கழிவுத் தகட்டைக் கூடவே வைத்து, பெட்டிக்குச் செய்வதையெல்லாம் ஒரு நாள் முன்னால் அதற்குச் செய்யுங்கள்.

இரண்டு வாரம் காயவிட்டு எல்லாவற்றையும் பூட்டினேன். கிட்டாரைச் செருகி மிதித்தேன். ஃபஸ் வந்தது, கூடவே அதைவிடப் பெரிதாக உறுமல். ஒரு லாரி நின்றுகொண்டே இன்ஜினை ஓட்டுவது போல. பெட்டியைக் கையால் தொட்டால் உறுமல் கூடியது, கையை எடுத்தால் கொஞ்சம் குறைந்தது. சால்டரிங் எல்லாவற்றையும் மறுபடி சூடுகாட்டினேன், கேபிள் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன். இரண்டு மாலை போயின.

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் எர்த்திலும் இன்னொன்றை மூடியின் ஸ்க்ரூவிலும் வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. பீப் சத்தம் வரவில்லை. மறுபடி வெள்ளம் வந்தாலும் அரிக்கக்கூடாது என்று பெட்டியின் உட்சுவரிலும் பிரைமரும் பெயின்டும் அடித்திருந்தேன். ஜாக்கின் உலோகம் பெட்டியைத் தொடவேண்டிய இடத்தில் பெயின்ட் இருந்தது. மூடி அமரும் விளிம்பிலும் பெயின்ட். பெட்டி எதனோடும் சேராமல் அநாதையாக நின்றது. எர்த் சேராத உலோகப் பெட்டி இரைச்சலைத் தடுக்காது, தானே ஒரு ஏரியல் போல அதை வாங்கி உள்ளே கொடுக்கும். அந்த அண்ணன் 2011-இல் உட்புறத்தை வெறும் உலோகமாக விட்டிருந்தது சோம்பலால் அல்ல.

ஜாக்கைக் கழற்றி, துளையைச் சுற்றி வாஷர் அளவுக்கு உட்புறப் பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். பல் உள்ள வாஷர் ஒன்றைப் போட்டு முறுக்கினேன், அதன் பல் உலோகத்தைக் கடித்துக்கொள்ளும். மூடியின் விளிம்பையும் பெட்டியின் வாயையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி நிறம் தெரியவிட்டேன். மல்டிமீட்டர் கூவியது. மறுபடி மிதித்தபோது உறுமல் இல்லை. கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் ஃபஸ் தெளிந்து மணி போல ஒலிக்கிறது, கூட்டினால் கம்பளி போலத் தடிக்கிறது. இந்தப் பெடலை எனக்குப் பிடித்ததே அதற்காகத்தான். அடுத்த முறை செய்வதாக இருந்தால், பெயின்டுக்கு முன்பே ஜாக் துளைகளின் உட்புறத்திலும் விளிம்பைச் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன்.

மூடியைப் போடும் முன் டேப்பை உரித்தேன். 78 இருந்தது, பதினொன்றுக்குப் பின்னால் ஊதாத் தீற்றல் இருந்தது. அண்ணனுக்கு அந்த எண் நினைவில்லை. டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் இருந்ததால் இரண்டாவதைக் கழற்றி, கசிவைத் தனியே அளந்து கழித்துப் பார்த்தேன். காலையில் 113 வந்தது, மதியம் 118. கைவிரலால் பிடித்த சூட்டுக்கே எண் நகர்ந்தது. எந்த இலக்கத்தை எழுதுவது? எழுதாமல் விட்டேன். அவருடைய மூன்று வரிக்குக் கீழே, அதே மாதிரி மார்க்கரால் என் வரியை எழுதினேன். "2024 பிப்ரவரி. கலெக்டரில் 4.5 வோல்ட். அறையில் 29 டிகிரி. உட்புறத்தை ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம்."

அந்த மே மாதம், நண்பன் வீட்டு மொட்டை மாடியில் மாலை ஆறு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தோம். தளம் இன்னும் சுட்டது. முதல் தந்தியைத் தட்டியதும் ஒலி தும்மியது. குனிந்து, வெயில் என்று எழுதியிருந்த குமிழை மெதுவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் நாதம் நிமிர்ந்து நின்றது. அந்த இடத்தில் பச்சை மேல் வெள்ளை எனாமலில் ஒரு புள்ளி வைத்தேன். பிப்ரவரிக்கு வைத்த புள்ளியிலிருந்து அது ஒரு விரல் தள்ளி இருக்கிறது.